செம்மண், வெந்நீர், கித்தாப் பால்

ஜாசின் மாவட்டத்தில், மலாக்கா நகரத்துச் சந்தடி எட்டாத உள்பகுதியில் இருக்கிறது செலண்டார். சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் கித்தா எனும் ரப்பர்க் காடு; இன்று பெரும்பாலும் செம்பனை. என் பாட்டி அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு விடியுமுன் போனால், வெயில் ஏறும் நேரத்தில்தான் காண்டாக் கம்பில் வாளிகள் தொங்க ஸ்டோருக்குத் திரும்புவார். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போய் நிற்பேன். ஸ்டோருக்கென்று இரண்டு வாடைகள் உண்டு. ஒன்று அம்மோனியா. மரத்திலிருந்து வந்த பால் ஸ்டோருக்கு வரும் வழியிலேயே திரிந்துவிடாமல் இருக்க அதைச் சேர்ப்பார்கள். மற்றது ஆசிட். தட்டுகளில் ஊற்றிய பாலைக் கட்டியாக உறையவைப்பது அது.

“ஆசிட்டுல கைய வைக்காதடா, தோலு வெந்துடும்” என்பார் பாட்டி. அது ஃபார்மிக் அமிலம். முதன்முதலில் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்ததால், எறும்புக்குரிய லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர். முசுறு எறும்பு கடித்த இடத்து எரிச்சலும் ஸ்டோர் ஆசிட் பட்ட எரிச்சலும் ஒரே சரக்கின் வேலை.

பல ஆண்டுகள் கழித்து, 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோது அந்த இரண்டு வாடைகளும் மூக்கில் ஏறின. ஸ்டான்லி மில்லருக்கு அப்போது 23 வயது. ஹெரால்ட் யூரியின் மாணவர். கண்ணாடிக் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் தண்ணீர் சிவந்து கலங்கியது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. உயிரின் செங்கற்கள் குடுவையில் உருவாயின என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் மில்லர் பின்னர் வெளியிட்ட அளவுப் பட்டியலில் முதலிடம் அமினோ அமிலத்துக்கு இல்லை. இனம்கண்ட பொருள்களில் அதிகம் விளைந்தது ஃபார்மிக் அமிலம். உள்ளே போனது அம்மோனியா, வெளியே வந்தது ஆசிட்.

அதோடு முடியவில்லை. விண்மீன்களுக்கு இடையிலுள்ள முகில்களில் அம்மோனியா இருப்பதை 1968-ல் ரேடியோ தொலைநோக்கிகள் கண்டன. ஃபார்மிக் அமிலத்தை 1971-ல் கண்டார்கள். நம் ஸ்டோரில் ஜாடியில் நின்ற இரண்டும் சூரியன் பிறப்பதற்கு முன்பே வானத்தில் திரிந்தவை.

கடந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சியை நான் படித்துப் புரிந்துகொண்டது ஒன்றுதான். உயிருக்கு வேண்டிய சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அது வானத்தில் கிடக்கிறது, கல்லில் கிடக்கிறது, குடுவையில் ஒரே வாரத்தில் விளைகிறது. தெரியாதது பக்குவம். எந்த வரிசையில், எந்தச் சூட்டில், எந்தப் பாத்திரத்தில் சேர்ந்தது என்பது இன்னும் யாருக்கும் கைவரவில்லை. பத்திரிகைகள் ஒவ்வொரு புதிய சரக்கையும் கண்டு “உயிரின் ரகசியம் அவிழ்ந்தது” என்று எழுதும்போது நாம் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். செலண்டார்ப் பக்கத்து மண் சிவப்பு. மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் காலணி வீடு வந்து சேரும்போது காவி நிறமாகிவிடும். இரும்புக் கல் பரல்கள் கலந்த இந்தச் செம்மண் வகைக்கு மலேசிய மண்ணியலார் ‘மலாக்காத் தொடர்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இதன் இறுகிய வடிவம்தான் செம்பூராங்கல். மலாக்காவில் போர்த்துக்கீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சி நிற்கும் வாயிலில் அதைத் தொட்டுப் பார்க்கலாம். இந்தக் கல்லுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது இந்தியாவில்: மலபாரில் அங்காடிப்புரத்துக்காரர்கள் இதை மண்ணிலிருந்து செங்கல்போல வெட்டியெடுத்துக் காற்றில் இறுகவிடுவதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லுக்குரிய லத்தீன் சொல்லைக்கொண்டு 1807-ல் இதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார்.

வெப்பமண்டல மழை பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையைக் கழுவுகிறது. கரையக்கூடிய சிலிக்காவும் சுண்ணாம்பும் பொட்டாசியமும் ஓடிப்போகின்றன. கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகத் தங்கிவிடுகின்றன. அதனால்தான் இந்த மண்ணில் நெல்லுக்கும் காய்கறிக்கும் உரம் கொட்ட வேண்டியிருக்கிறது. கித்தா மட்டும் சமாளித்துக்கொண்டது. 1896-ல் தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் கித்தாவைத் தோட்டப் பயிராக நட்டபோது தொடங்கிய கதை அது. நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையும் அதன் பின்னால்தான் பெருகியது. அதை வேறு பலர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். இங்கே கேள்வி, அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது.

பெருவெடிப்பில் இரும்பு இல்லை. ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம், அவ்வளவுதான். இரும்பு விண்மீன்களின் சாவில் உண்டாவது. அதில் பெரும்பங்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சாவில் உண்டாகிறது. எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன் துணை விண்மீனிடமிருந்து பொருளைச் சேர்த்துக்கொண்டே போய், ஒரு எல்லையை நெருங்கும்போது அணுகுண்டுபோல வெடிக்கிறது. அந்த வெடிப்பில் சூரியனின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட நிக்கல் பிறந்து, சில நாள்களில் கோபால்ட்டாகி, பிறகு சில மாதங்களில் இரும்பாகிறது. அந்த எல்லை, சூரிய நிறையைப்போல 1.44 மடங்கு. அதைக் கணித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ல் பம்பாயிலிருந்து இங்கிலாந்து புறப்பட்ட 19 வயது இளைஞர், கப்பலிலேயே கணக்கின் முதல் வடிவத்தைப் போட்டுவிட்டார். 1935-ல் எடிங்டன் அதைப் பலர் முன்னிலையில் கேலி செய்தார். நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. சந்திரசேகர் இரும்பைத் தேடிப் போகவில்லை. விண்மீன் எப்படிச் சாகிறது என்று கேட்டார். செலண்டார்ச் செம்மண்ணில் அவர் கணக்கு சிவப்பாய்க் கிடக்கிறது.

அப்படிச் செத்த பல விண்மீன்களின் சாம்பலோடு ஒரு முகில் தன் பாரத்தாலேயே சரிந்து சுருங்கியது. சுருங்கச் சுருங்க வேகமாய்ச் சுழன்று தட்டையானது. நடுவில் சூரியன், சுற்றிலும் தட்டு. கான்ட் 1755-லும் லாப்லாஸ் 1796-லும் வெறும் யோசனையால் எட்டிய படம் இது. சிலியின் ஆல்மா தொலைநோக்கி 2014-ல் எச்எல் டௌரி என்ற இளம் விண்மீனைப் படமெடுத்தபோது, தட்டும் அதில் கோள்கள் உழுததுபோன்ற வளையங்களும் அப்படியே தெரிந்தன. நம் குடும்பத்தில் 99.8 விழுக்காட்டு நிறை சூரியனுக்கே போய்விட்டது. மிச்சம் மீதியில் வியாழன் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. நாம் வாழ்வது சிந்தியதில் சிந்தியது.

பிறந்த தேதி வியக்கத்தக்க துல்லியத்தோடு தெரியும்: 456.7 கோடி ஆண்டுகள். சில விண்கற்களுக்குள் இருக்கும் வெண்ணிறத் துகள்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக்கொண்டு போட்ட கணக்கு அது. 1956-ல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லின் ஈயத்தைக்கொண்டு பூமிக்கு 455 கோடி என்று சொன்னதிலிருந்து அடிப்படை மாறவில்லை, துல்லியம்தான் கூடியது. அதே துகள்களில் 1976-ல் இன்னொன்று தெரிந்தது. ஏழு லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும் அலுமினியம்-26 அங்கே உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியானால் சூரியன் பிறக்குமுன் அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு பெரிய விண்மீன் அதைப் புதிதாகத் தூவியிருக்க வேண்டும். அந்த அலுமினியத்தின் கதிர்வீச்சுச் சூடுதான் முதல் சிறுகோள்களை உருக்கியது. உருகியதில் கனமான இரும்பு உள்ளே இறங்கியது.

விண்கல் என்றால் எல்லாமே ஆதிப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. கொடைக்கானலில் 1898-ல் கண்டெடுத்த சுமார் 16 கிலோ இரும்பு விண்கல்லே சாட்சி. உள்ளே கண்ணாடிபோன்ற சிலிக்கேட் கட்டிகள். அவற்றின் வயது 380 கோடி என்று 1967-ல் கணித்தார்கள். சூரியக் குடும்பத்தைவிட ஏறத்தாழ 80 கோடி ஆண்டு இளையது. எங்கோ ஒரு சிறுகோளில் நடந்த பின்னாளைய மோதலில் மறுபடி உருகி, தன் முதல் பிறந்த நாளை இழந்துவிட்ட கல் அது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது என்பதைப் பார்க்கும்போது, அந்த மலைக்கு வானத்தோடு ஏதோ ஒப்பந்தம் இருந்ததுபோலத்தான் தோன்றுகிறது.

பூமியும் தன் பிறந்த நாளை இழந்துவிட்ட கல்தான். செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் மோதி, தெறித்ததிலிருந்து நிலா உண்டானது. பூமியின் மேற்பரப்பு முழுதும் பாறைக் குழம்பானது. பிறகும் புவித்தட்டுகள் நகர்ந்து பழைய தரையை விழுங்கிக்கொண்டே இருந்தன. மலேசியத் தீபகற்பத்தின் முதுகெலும்பான கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டு வயதுடையது. பூமியின் வயதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மிகப் பழைய சாட்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்க்கான் மணிகள். வெள்ளீயம் கழித்த மணற்பரலில் நம் ஊர் அமாங் ஆலைகள் பிரித்தெடுக்கும் அதே கனிமம். அவற்றில் மூத்தது 440 கோடி ஆண்டுக்காரன். அந்த மணிகளின் ஆக்சிஜன் கணக்கு, அப்போதே நீர் இருந்தது என்று சொல்கிறது.

செம்மண்ணில் பாதிக் கதைதான் சொன்னேன். இரும்பை விண்மீன் தந்தது; துருவைத் தந்தது உயிர். ஆதிப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் கிடையாது. இரும்பு கடலில் கரைந்து கிடந்தது. சூரிய ஒளியைக்கொண்டு தண்ணீரைப் பிளக்கக் கற்றுக்கொண்ட நீலப்பச்சை நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் கழிவாக வெளிவிட்டன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் தேங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் தரையில் சிவந்த படிவங்கள் பரவலாகத் தோன்றின. செவ்வாய்க் கோளும் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி. அங்கே உயிர் இல்லாமலும் நீரும் புற ஊதா ஒளியும் மெல்ல மெல்லத் துருவேற்ற முடிந்தது. ஆகவே சிவப்பு தன்னளவில் உயிருக்குச் சான்றாகாது. நம் பூமியில் இந்த அளவு சிவப்புக்கு உயிர் காரணம் என்று மட்டுமே சொல்லலாம்.

இனிச் சரக்குப் பக்கம் வருவோம். நம் வட்டாரத்து மனிதர் ஒருவர் இங்கே வருகிறார். சிரில் பொன்னம்பெரும 1923-ல் இலங்கையின் காலியில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-ல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். தத்துவம் கேட்ட கேள்விக்கு வேதியியலில் விடை தேடலாம் என்று லண்டன் போய், பெர்னாலிடம் பாடம் கேட்டு, பிறகு பெர்க்லியில் மெல்வின் கால்வினிடம் ஆய்வுப் பட்டம் பெற்றார். மீத்தேனும் அம்மோனியாவும் நீரும் கலந்த கலவையில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, மரபுப் பொருளின் எழுத்துகளில் ஒன்றான அடினைன் உண்டாவதைக் கால்வின் குழுவோடு காட்டினார். 1963-ல் கார்ல் சேகனோடும் ரூத் மரினரோடும் சேர்ந்து, உயிரணுவின் காசு எனச் சொல்லத்தக்க ஏடிபி, புற ஊதா ஒளியில் உருவாக முடியும் என்று காட்டினார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்து வேற்றுலக உயிரியல் பிரிவில் வேதிப் பரிணாமக் கிளைக்குத் தலைமை தாங்கினார். அப்போலோ கொண்டுவந்த நிலவு மண்ணிலும் உயிரின் தடம் தேடினார். அங்கே இல்லை.

1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற ஊரின்மேல் ஒரு கல் வெடித்துச் சிதறியது. மொத்தம் சுமார் 100 கிலோ. பொறுக்கியவர்கள் சாராய வாடை அடித்தது என்றார்கள். பொன்னம்பெருமவின் குழு அதை ஆராய்ந்து 1970 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. கிளைசின், அலனின், வேலின் எல்லாம் இருந்தன. விண்கல்லில் அமினோ அமிலம் கண்டோம் என்று அதற்கு முன்பும் பலர் சொன்னதுண்டு. தொட்டவர்களின் விரல் வியர்வை என்று தள்ளிவிட்டார்கள். இம்முறை தள்ள முடியவில்லை. காரணம் ஒரு நுட்பமான சோதனை. அமினோ அமிலம் நம் இரு கைகளைப்போல இடம், வலம் என இரண்டு உருவில் வரும். பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடத்தை மட்டுமே கொள்ளும். விரல் வியர்வையாக இருந்தால் இடம் மட்டும் இருக்க வேண்டும். மர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. கூடவே உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தாத அமினோ அமிலங்களும் இருந்தன. ஆகவே அது வானத்துச் சரக்கு.

பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே கல்லில் சில அமினோ அமிலங்கள் இடப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டார்கள். உயிரின் இடக்கைப் பழக்கம் வானத்திலிருந்தே வந்ததோ என்ற நம்பிக்கை அதில் பிறந்தது. 2023 செப்டம்பரில் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணை, பூமியின் அழுக்குப் படாமல் கொண்டுவந்து சேர்த்தது. 2025 சனவரியில் முடிவு வந்தது. புரதத்துக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபுப் பொருளின் ஐந்து எழுத்துகளும் இருந்தன. அம்மோனியா ஏராளம். உப்பு நீர் வற்றி விட்டுச்சென்ற கனிமங்களும் இருந்தன. ஆனால் இடமும் வலமும் மறுபடி ஏறத்தாழச் சரிபாதி. 1994-ல் காலமான பொன்னம்பெரும இதைப் பார்த்திருந்தால் சரக்கைக் கண்டு மகிழ்ந்திருப்பார், கையைக் கண்டு யோசித்திருப்பார்.

சரக்கு கையில் இருக்கிறது. பாத்திரமும் சூடும் எங்கே?

செலண்டாரிலிருந்து மேற்கே போனால் காடேக். தெற்கே போனால் பெம்பான். இரண்டிலும் வெந்நீர் ஊற்று உண்டு. மூட்டு வலிக்காரர்கள் கால் நனைக்க வருகிறார்கள். மலாக்காவில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கிலோமீட்டருக்கு 25, 30 பாகை எனச் சூடு ஏறும். அங்கே வெந்து, வேறொரு பிளவு வழியே மேலே வருகிறது. பூமிக்குள்ளிருந்து வரும் அந்தச் சூட்டில் ஏறத்தாழப் பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவிலிருந்து வருவது. மற்றது பூமி பிறந்தபோது தேங்கிய பழஞ்சூடு. யுரேனியம் போன்ற கன அணுக்கள் நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது உண்டாகின்றன. 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படியொரு மோதலை உலகத் தொலைநோக்கிகள் நேரில் பார்த்தன. காடேக்கில் கால் நனைக்கும் பாட்டிகளின் முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுப்பது, சூரியனுக்கு மூத்த வெடிப்புகளின் மிச்சச் சூடு.

உயிர் வெதுவெதுப்பான சிறு குட்டையில் தொடங்கியிருக்கலாம் என்ற எண்ணத்தை டார்வின் 1871-ல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். 1920-களில் ரஷ்யாவில் ஓப்பாரினும் இங்கிலாந்தில் ஹால்டேனும் ஒருவரையொருவர் அறியாமல் அதை ஒரு கோட்பாடாக வளர்த்தார்கள். ஹால்டேன் 1957-ல் இந்தியாவில் குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார். ஓப்பாரினும் ஹால்டேனும் சந்தித்தது 1963-ல், ஃபுளோரிடாவின் வக்கல்லா ஊற்றருகே நடந்த மாநாட்டில். அந்த மாநாட்டில் பொன்னம்பெருமவும் இருந்தார்.

1977-ல் காலாப்பகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர்த் துளைகளும் அவற்றைச் சுற்றி இருளிலேயே பிழைக்கும் உயிர்க் கூட்டமும் தெரியவந்தபின், ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சியானார்கள். ஆழ்கடல் கட்சிக்குப் பலம், அங்கே ஓயாமல் கிடைக்கும் வேதி ஆற்றல். 2000-ல் கண்ட ‘லாஸ்ட் சிட்டி’யின் சுண்ணாம்புக் கோபுரங்களில் நுண்துளைகள் உயிரணுவின் அறைகளைப்போலவே இருக்கின்றன, அவற்றின் காரநீருக்கும் கடல்நீருக்கும் இடையிலுள்ள வேறுபாடு, இன்றும் நம் உயிரணுக்கள் ஆற்றல் எடுக்கும் முறையை நினைவூட்டுகிறது. பலவீனம் கடலின் தண்ணீரே. அமினோ அமிலங்கள் கோத்துச் சங்கிலியாக வேண்டுமானால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். கடலுக்குள் அது நடப்பது, அடைமழையில் ஈரத்துணி காயப்போடுவதற்குச் சமம்.

நிலத்து ஊற்றுக் கட்சி இங்கேதான் வலுக்கிறது. ஊற்றோரக் குட்டை வற்றும், நிறையும், மறுபடி வற்றும். வற்றும்போது சரக்கு செறிந்து கோத்துக்கொள்ளும். நிறையும்போது கலந்து பரவும். கித்தா மரத்தில் வடிந்து காயும் ஒட்டுப்பாலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை: பால் வெட்டிப் போன ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய ஆடை கூடும். 2008-ல் சுதா ராஜமணி, டேவிட் டீமர் முதலியோர், கொழுப்புப் பொருள்களோடு மரபுப் பொருளின் துண்டுகளைச் சூட்டில் உலர்த்தி, நனைத்து, உலர்த்தி, ஆர்என்ஏ போன்ற சங்கிலிகள் உண்டாவதைக் காட்டினார்கள். ராஜமணி இப்போது புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 348 கோடி ஆண்டுப் பாறையில் நிலத்து வெந்நீர் ஊற்றின் படிவமும் நுண்ணுயிர்த் தடமும் அருகருகே இருப்பதை 2017-ல் கண்டார்கள்.

என் மனம் நிலத்து ஊற்றுப் பக்கம்தான் சாய்கிறது. அதற்கு ஊர்ப்பாசமும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பில்பாராச் சான்றை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. உயிர் அங்கே குடியிருந்தது என்றுதான் அது சொல்கிறது. புகுந்த வீட்டைப் பிறந்த வீடு என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் கடலுக்கு மேல் நிலம் மிகக் குறைவு. இருந்த நிலத்தையும் புற ஊதாக் கதிர் பொசுக்கியது.

பாத்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். கித்தாப் பாலை நுண்நோக்கியில் பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான சிறு உருண்டைகள். ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். தோலில் எதிர்மின் ஏற்றம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். ஆசிட் அந்த ஏற்றத்தைத் தணிக்கிறது; உடனே எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. ஓப்பாரின் ஆதி உயிரைக் கற்பனை செய்தபோது கையிலெடுத்ததும் இப்படிப்பட்ட துளிகளைத்தான். கோந்தையும் ஜெலட்டினையும் கலந்தால் தாமாகவே உருண்டைகள் பிரிந்து, சுற்றியுள்ள பொருளை உள்ளிழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கோவசர்வேட் என்று பெயர். ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. கித்தாப் பாலைச் செய்தது மரம். மரத்துக்குள் இருக்கும் நொதிகள். உயிர் செய்த துளியைக் காட்டி உயிர் இப்படித்தான் வந்தது என்பது வட்டமடிக்கும் வாதம். ஆனால் தோல் தானாகவே உண்டாக முடியும் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. 1985-ல் டீமர் மர்ச்சிசன் கல்லிலிருந்து வடித்த எண்ணெய்ப் பொருளைத் தண்ணீரில் விட்டார். அது சவ்வுக் குமிழ்களாகத் தானே சுருட்டிக்கொண்டது.

குமிழுக்குள் எதை வைப்பது? புரதமா, மரபுப் பொருளா, எது முதல் என்பது கோழியும் முட்டையும் கதை. 1982-ல் தாமஸ் செக், சில ஆர்என்ஏ துண்டுகள் புரதத்தின் உதவியின்றித் தாமே வேதிவினை செய்வதைக் கண்டார். ஒரே மூலக்கூறு ஏடாகவும் இருக்கலாம், கருவியாகவும் இருக்கலாம் என்றாயிற்று. அதை நம் உடலுக்குள்ளேயே உறுதிசெய்தது ரைபோசோமின் வடிவம். 2000-ல் மூன்று குழுக்கள் அதைத் துல்லியமாக வரைந்தன. சிறு பகுதியை வரைந்த குழுக்களில் ஒன்றின் தலைவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் டாம் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு நோபல் பகிர்ந்தார். புரதத்தைக் கோக்கும் அந்த இயந்திரத்தின் நெஞ்சில் புரதமே இல்லை. கோக்கும் வேலையைச் செய்வது ஆர்என்ஏ. எல்லா உயிர்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய எந்திரம் இதுதான்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஆய்வகத்தைத் தாண்டி எந்தக் குட்டையிலும் உயிர் தொடங்குவதற்கு இது தடை. ஆர்என்ஏ தன் வேலையைச் செய்ய மக்னீசியம் வேண்டும். ஆனால் மக்னீசியமும் கால்சியமும் கொழுப்பமிலக் குமிழ்களைக் கெடுத்துத் திரித்துவிடும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதைக் கிணற்றடியில் பார்த்திருப்போமே, அதே வினைதான். சோப்பும் கொழுப்பமிலத்தின் உப்பே. ஏடும் கருவியுமான ஆர்என்ஏவும், அதைக் காக்கும் பாத்திரமும் ஒரே தண்ணீரில் பிழைக்க வேண்டும். பக்குவம் என்று நான் சொன்னது இதைத்தான். 2017-ல் ராஜமணியின் குழு லடாக்கின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டுவந்து, அதில் குமிழ்கள் உருவாகி நிற்கின்றனவா என்று பார்த்தது. வாலை வடித்த சுத்த நீரை விட்டுவிட்டு, பூமி தரும் நிஜத் தண்ணீரில் செய்துபார்ப்பது என்ற அந்த ஒரு முடிவு, குடுவைச் சோதனைகள் பலவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

செலண்டார், காடேக், ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் விழாவுக்கு ஆண்டுதோறும் பேக்கிங் சோடா எரிமலை செய்து சலித்திருப்பீர்கள். இந்த முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காடேக்குக்கும் பெம்பானுக்கும் போய், இடத்துக்கொரு பாட்டில் வெந்நீர் பிடித்து வாருங்கள். மழைநீர் ஒரு பாட்டில், குழாய் நீர் ஒரு பாட்டில். நான்கிலும் ஒரே அளவு சவர்க்காரத் துருவலைப் போட்டு, ஒரே எண்ணிக்கை குலுக்கி, நுரையின் உயரத்தை அடிக்கோலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும். பழைய துணிச் சோப்புக் கட்டிதான் சரி.